கைச்சூட்டில் ஓடும் கடிகாரமும் காலணிச் சேறும்

மழை விட்டதும் பள்ளித் திடலில் பந்து உதைத்துவிட்டு வீடு திரும்பினால் காலணி முழுக்கச் சேறு. மஸ்ஜித் தானா மாணவர்களுக்கு இது புதிதல்ல. (ஊர்ப் பெயரிலேயே மண் இருக்கிறது, மலாயில் 'தானா' என்றால் மண்தானே!) மறுநாள் பாருங்கள்: தடித்து ஒட்டிய சேறு வெடித்து, ஓரம் சுருண்டு, விழுந்திருக்கும். மெல்லியதாகப் படிந்தது தேய்த்தாலும் எளிதில் போகாது. ஒரே மண், ஒரே காலணி, தடிமன்தான் வேறு.

உடல் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முயலும் பொறியாளர்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரு பொருளின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதற்கு வழிகாட்டியது 1821-இல் சீபெக் செய்த சோதனை. 1998-இல் சீக்கோ நிறுவனம் மணிக்கட்டின் சூட்டிலேயே ஓடும் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு ஏற்ற பொருள் பிஸ்மத் டெலுரைடு. 1 டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு துண்டு சுமார் 200 மைக்ரோவோல்ட் தரும். அதனால் ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தொடராக இணைக்க வேண்டும். நம் ஊர் நண்பகலில் காற்றும் தோலும் ஏறக்குறைய ஒரே சூடு. அப்போது கடிகாரம் பாவம்!

பிஸ்மத் டெலுரைடு நொறுங்கும் தன்மையுடையது. சாதாரணமாக 1 சதவீதம் நீள்வதற்குள் உடைந்துவிடும். வளைக்கும்போது வெளிப்புறம் எவ்வளவு நீளும்? தடிமனை, வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். மணிக்கட்டின் ஆரம் 3 செ.மீ. என்று கொள்வோம். 1 மி.மீ. தடிமனுள்ள பட்டை 1.7 சதவீதம் நீள வேண்டும், உடையும். 25 மைக்ரோமீட்டர் பாலிமைடு தாளின் மேல் 1 மைக்ரோமீட்டர் படலமாகப் பூசினால் 0.04 சதவீதம்தான். தாங்கிக்கொள்ளும்.

உரிவதும் தடிமனைப் பொறுத்ததே. படலமும் அதைத் தாங்கும் தாளும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. சிலிக்கோன் ரப்பர் பிஸ்மத் டெலுரைடைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரியும். ஆறும்போது இரண்டும் இழுபறியாகி, படலத்தில் ஆற்றல் சேரும். தடிமன் இரட்டித்தால் அந்த ஆற்றலும் இரட்டிக்கும். ஆனால் ஒட்டியிருக்கும் பிடிப்போ தடிமனோடு சேர்ந்து வளராது. ஓர் எல்லையைத் தாண்டினால் படலம் தானே கழன்றுவிடும். சேறு செய்ததும் அதையே.

1909-இல் ஜார்ஜ் ஸ்டோனி மெல்லிய எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிக்கல் முலாம் பூசினார். பட்டை வளைந்தது. அந்த வளைவை அளந்தே முலாமுக்குள் இருக்கும் இழுவிசையைக் கணக்கிட்டார். மின்னணுச் சில்லு செய்யும் தொழிலில் அவருடைய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது.

அப்படியானால் மெலிந்துகொண்டே போகலாமா? அங்கேதான் சங்கடம். படலம் மெலிய மெலிய வெப்பம் அதைச் சட்டென்று கடந்துவிடும். இரு பக்கமும் ஒரே சூடாகிவிடும். வேறுபாடு இல்லையென்றால் மின்சாரமும் இல்லை. அதனால் சிலர் வெப்பத்தைப் படலத்தின் குறுக்கே விடாமல், நீளவாக்கில் ஓடவிடுகிறார்கள். அப்போது தாங்கும் தாளே வெப்பத்தில் பெரும்பங்கைத் தன் வழியே கடத்திவிடுகிறது. இப்போது தாளையும் மெலிய வைக்க வேண்டியிருக்கிறது.