புத்தக விலை, கடை விலை, கைக்கு வரும் விலை

கையில் ஒரு விக்டோரியா ரூபாய் இருக்கிறது. கேட்லாக்கில் அதற்குப் பத்தாயிரம் போட்டிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் மூவாயிரத்துக்கு மேல் பேச்சே இல்லை. ஏமாற்றுகிறார்களா? நாணயம் சேர்க்கத் தொடங்கிய எவரும் முதல் வருஷத்திலேயே கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. புத்தகம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, கடைக்காரர் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார். ஒரு டீயில் தீர்கிற விஷயம் இல்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், புத்தகத்தில் இருப்பது யாருடைய விலை? இதை ஒளிவுமறைவில்லாமல் பிரித்து வைத்தவர்கள் அமெரிக்கர்கள். ஆர்.எஸ். யோமன் 1946-ல் கொண்டுவந்த கையேட்டுக்குச் சிவப்பு அட்டை என்பதால் ‘ரெட் புக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் இருப்பது, கடையில் நாம் வாங்கப் போனால் ஏறக்குறைய என்ன கேட்பார்கள் என்ற விலை. அதற்கு முன்பே, 1942-ல், அவரே போட்ட ‘ப்ளூ புக்’ எதிர்ப்பக்கத்து விலையைச் சொல்லும்: நாம் விற்கப் போனால் வியாபாரி என்ன கொடுப்பார் என்பது. 1963-ல் ‘கிரே ஷீட்’ வந்தது. அது வியாபாரிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் விலை. ஆக ஒரே காசுக்கு, ஒரே நாளில், மூன்று விலை, மூன்றும் உண்மைதான். நாம் ரெட் புக் மாதிரியான விலையைப் பார்த்துவிட்டு, ப்ளூ புக் மாதிரியான விலை கிடைக்கும் இடத்தில் போய் நிற்கிறோம். பாதி மனத்தாங்கல் அங்கேதான் பிறக்கிறது. கடைக்காரர் வாங்கிய காசு ஆல்பத்தில் வருஷக்கணக்கில் தூங்கலாம். அந்தக் காத்திருப்புக்கும் வாடகைக்கும் அவர் கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

அடுத்தது தரம். பத்திரப் பதிவில் ஒரு தெருவுக்கு ஒரே வழிகாட்டி மதிப்புதான் போடுகிறார்கள். மூலை மனைக்கும் வில்லங்கம் உள்ள மனைக்கும் நிஜத்தில் ஒரே விலையா போகிறது? கேட்லாக் விலையும் அப்படித்தான். ‘ஃபைன்’ (ஓரளவு தேய்ந்தது), ‘எக்ஸ்எஃப்’ (லேசாகத் தேய்ந்தது), ‘யூஎன்சி’ (புழங்காதது) என்று நாலைந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தொகையை எழுதிவிடுகிறது. ஆனால் கட்டத்துக்குக் கட்டம் விலை பல மடங்கு தாவும். நம் காசு எந்தக் கட்டத்தில் உட்காரும் என்பதில்தான் சண்டை.

லென்ஸை வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலரில் தேய்மானம் முதலில் தெரிவது சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள முடியிலும், பின்பக்கம் கழுகின் மார்பு இறகிலும். அந்த இழைகள் மழுங்கியிருந்தால், மற்ற இடமெல்லாம் பளபளத்தாலும் அது யூஎன்சி இல்லை. நம் பக்கத்து வெள்ளி ரூபாய்களில் வேறு சோதனை தேவை. வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருந்த காசு ஏராளம். வளையத்தை எடுத்த பிறகும் தலைக்கு மேலே விளிம்பில் பற்றுவைத்த தடம் இருக்கும். புளி போட்டோ சபீனா போட்டோ தேய்த்திருந்தால், சாய்த்துப் பிடிக்கும்போது மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். கேட்லாக் விலை இப்படிப்பட்ட குறை இல்லாத காசுக்கானது. குறையுள்ள காசுக்கு அதில் கட்டமே கிடையாது.

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனங்கள் வந்தன. நாணயத்தைச் சோதித்து, 70 வரை போகும் அளவுகோலில் எண் கொடுத்து, பிளாஸ்டிக் பேழையில் பூட்டித் தருகிறார்கள். அதன் பிறகு 64-க்கும் 65-க்கும் இடையிலேயே விலை எகிறும் காசுகள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம், பணத்தில் தெரியும்.

மூன்றாவது, எண்ணிக்கை. எத்தனை அடித்தார்கள் என்பது நாணயசாலைக் கணக்கில் இருக்கும். எத்தனை மிச்சம் என்பது யார் கணக்கிலும் இருக்காது. இதற்கு நம்மையும் தொடுகிற ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரின் கடைசியில், இந்தியாவில் மக்கள் காகித நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்கத் தொடங்கினார்கள். அரசிடம் வெள்ளி கையிருப்பு கரைந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்க, 1918-ல் பிட்மன் சட்டம் வந்தது. மொத்தம் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் மிகப் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்திய ரூபாய்க்கான வெள்ளியாக இங்கே வந்தது. எந்த வருஷத்து டாலர், எந்த நாணயசாலையுடையது எத்தனை உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

அதனால் நியூ ஆர்லியன்ஸில் 1903-ல் அடித்த டாலர் அபூர்வமாகிவிட்டது என்று சேகரிப்பாளர்கள் முடிவு கட்டினார்கள். அடித்தது 44 லட்சத்து 50 ஆயிரம். ஆனால் புழங்காத காசு ஒன்று கண்ணில் பட்டால் அதிசயம். ரெட் புக் அதற்கு 1,500 டாலர் போட்டது. 1962 கடைசியில், கிறிஸ்துமஸ் நேரத் தேவைக்காக அரசு பெட்டகத்தைத் திறந்து ஆயிரம் ஆயிரமாக மூட்டைகளை வெளியே விட்டது. உள்ளே இருந்தது அதே 1903 டாலர்! உருகியதாக நினைத்தவை இருட்டறையில் பத்திரமாக இருந்திருக்கின்றன. விலை முப்பது டாலர் அளவுக்குச் சரிந்தது. கையேட்டைத் தயாரித்தவர்கள் மேல் குற்றமில்லை. சந்தைக்கு என்ன தெரியுமோ அதைத்தான் அவர்கள் அச்சடிக்க முடியும்.

புத்தகம் எப்போதும் கூடுதலாகவே சொல்லும் என்றும் நினைக்கக் கூடாது. அந்த உருக்கிய வெள்ளி வந்த காலத்து 1918 ஜார்ஜ் ரூபாயையே எடுத்துக்கொள்வோம். சாதாரணமாகக் கிடைக்கும் காசு. எடை 11.66 கிராம்; 91.7 சதவீதம் வெள்ளி. ஆக சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். வெள்ளி ஏறுகிற வருஷத்தில், போன வருஷம் அச்சான கேட்லாக் விலையை வெறும் உலோக விலையே தாண்டிவிடும். மறுகோடியில் மிக அபூர்வமான காசு. 1933-ம் வருஷத்து இருபது டாலர் தங்கக் காசு 2021-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ ஒரு கோடியே 88 லட்சத்துக்கும் மேல். விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் போதும், எந்த மதிப்பீடும் நிற்காது.

வெளிநாட்டு கேட்லாக்கின் டாலரை ரூபாயாக மாற்றிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. நூறு வயது தாண்டிய நாணயம் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. அதனால் லண்டன் சந்தையும் மும்பை சந்தையும் தனித்தனிக் குளங்கள். அங்கே போகிற விலை இங்கே போகவேண்டும் என்ற கட்டாயமில்லை.

எல்லாவற்றிலும் மோசமான வழிகாட்டி, இணையத்தில் யாரோ கேட்கிற விலை. 2012-ல் வெளியிட்டுப் புழக்கத்துக்கு வந்த வைஷ்ணவ தேவி காசுக்கு லட்சக்கணக்கில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். கேட்க யாருக்கும் காசு செலவில்லை. ‘வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று சொல்பவர்களைப் பற்றி 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது.

அப்படியானால் கேட்லாக் எதற்கு? வரிசை தெரிந்துகொள்வதற்கு. ஒரே அரசரின் ரூபாயில் எந்த வருஷம் மலிவு, எந்த நாணயசாலைக் குறி இருந்தால் அரிது, ஒன்றைவிட மற்றொன்று எத்தனை மடங்கு என்பதையெல்லாம் அது நன்றாகச் சொல்லும். தொகையைத் தெரிந்துகொள்ள, அதே காசு, அதே தரத்தில், சமீபத்தில் ஏலம் போன மூன்று நான்கு விலைகளைத் தேடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் இவற்றைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அந்த விலையில் வாங்குபவர் தலையில் வைத்த கமிஷனும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் கைக்கு அது வராது. அவருடைய பங்கிலும் நிறுவனம் பிடித்துக்கொள்ளும்.

இனி யாராவது ‘புக் விலையில் பாதிக்கே தருகிறேன் சார்’ என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தப் புத்தகம், எந்த வருஷத்துப் பதிப்பு, எந்தக் கட்டத்து விலை? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் பேரத்தைத் தொடரலாம்.