கிதார் ஒலியில் கரகரப்பு ஏன்?

விருதுநகரில் பங்குனிப் பொங்கல், சிவகாசியில் சித்திரைப் பொங்கல் என்று திருவிழாக்களுக்குக் குறைவில்லாத மாவட்டம் நம்முடையது. மெல்லிசை மேடைகளில் கிதாரின் நாதம் சுழன்று, அலை புரள்வதுபோல் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். காலால் மிதித்து இயக்கும் ஃபேசர் என்னும் சிறு பெட்டியின் வேலை அது. சில வேளைகளில் அதோடு வேண்டாத கரகரப்பும் சேர்ந்துவிடுகிறது. புதுப் பெட்டி வாங்க வசதியில்லாத கலைஞருக்கு இது பெருங்கவலை. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் செலவின்றியே இதைக் குறைக்கலாம்.

ஃபேசருள் நுழையும் மின்சைகை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேரே செல்கிறது. மற்றது கட்டத்தை மாற்றும் படிகளைக் கடந்து வந்து அதனோடு சேர்கிறது. ஓர் அலையின் முகடும் மற்றதன் அகடும் சந்திக்கும் அதிர்வெண்களில் ஒலி மறைகிறது. 1974-இல் அமெரிக்காவின் எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட 'ஃபேஸ் 90' பெட்டியில் நான்கு படிகள். ஆகவே இரண்டு இடங்களில் ஒலி மறையும். அவ்விடங்கள் மேலும் கீழும் நகர்வதே நாம் கேட்கும் சுழற்சி.

ஒவ்வொரு படியிலும் மாறும் மின்தடையாக இருப்பது புலவிளைவு டிரான்சிஸ்டர். அதன் தடையைக் கேட் மின்னழுத்தம் மட்டுமே நிர்ணயிக்க வேண்டும். ஆனால் டிரெயினுக்கும் சோர்சுக்கும் இடையே விழும் சைகை சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அச்சைகையே தடையை மாற்றத் தொடங்குகிறது. அலையின் மேற்பாதிக்கு ஒரு தடை, கீழ்ப்பாதிக்கு வேறு தடை! மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. அச்சகத்தில் மை மிகுந்தால் எழுத்தின் விளிம்பு கசிவது போன்றது இது. கிதாரோ நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரவல்லது.

எனவே முதலில் கிதாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் மிகைச் சைகையே காரணம். ஃபேசருக்கு முன்னால் ஒலியைப் பெருக்கும் வேறு பெட்டி இருந்தால் அதைப் பின்னால் மாற்றுங்கள். 9 வோல்ட் பேட்டரி தளர்ந்திருந்தாலும் அலையின் முகடு வெட்டுப்படும்.

1970களின் பிற்பகுதியில் வந்த ஃபேஸ் 90 பெட்டிகளில், பின்படியின் ஒலி ஒரு மின்தடை வழியே முன்படிக்குத் திரும்ப ஊட்டப்படுகிறது. சுழற்சி ஆழமாகும், ஆனால் சில அதிர்வெண்களில் சைகை பெருத்துத் திரிபும் கூடும். மெல்லிசைக் குழு நண்பர் ஒருவர் கழித்துவிட இருந்த இத்தகைய பெட்டியில், அத்தடையின் ஒரு காலை மட்டும் பற்றவைப்பு நீக்கி விடுவித்தேன். சுழற்சி சற்று மென்மையாயிற்று. கரகரப்பு பெரிதும் அடங்கியது.

சுற்றைத் தாமே அமைப்போர், டிரெயின் சைகையில் பாதியைச் சமமான இரு உயர் மின்தடைகள் வழியே கேட்டுக்கு ஊட்டலாம். இரு பாதிகளின் வேறுபாடு பெருமளவு சமனாகும். இன்னொரு வழி ஜப்பானியர் ஃபுமியோ மியேதா 1960களில் வடிவமைத்த 'யூனி-வைப்' காட்டும் வழி. அதில் ஒரு சிறு விளக்கு, அதைச் சுற்றி நான்கு ஒளியுணர் மின்தடைகள். இவற்றின் தடையை ஒளியே மாற்றுகிறது. சைகை அவ்வளவாக மாற்றுவதில்லை.

வகுப்பில் கற்ற ஓம் விதியும் ஆய்வுக்கூடத்து அலைகாட்டியும் ஓர் எளிய கலைஞரின் கைப்பொருளைக் காக்குமானால், கற்றதன் பயன் அதுவன்றோ?