பல கை ஒன்றாதல்

பல நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளை அகற்றி ஒரே பலகையை மாட்டுதல் ஒரு நாளில் முடியும் செயல். அவற்றில் உழைத்தோரின் உள்ளங்களை ஒரே குறிக்கோளில் நிறுத்துதலோ நெடுநாள் முயற்சியால் கைகூடுவது. இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் தோற்ற வரலாறு இதற்குச் சான்றாகும்.

முற்காலத்தில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தனியார் பலர் நடத்திவந்தனர். அவருள் நேர்மையாளரும் இருந்தனர். பிறர் பொருளைத் தம் பொருள்போற் கையாண்டோரும் இருந்தனர். பத்தாண்டுக் காலத்தில் 25 நிறுவனங்கள் கலைக்கப்பட்டன. குடும்பத் தலைவன் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள், அவன் மறைந்தபின் மனைவி மக்களுக்கு உதவாதாயின், காப்பீடு என்னும் பெயரால் யாது பயன்?

ஆதலின், 1956 சனவரித் திங்களில் நடுவணரசு இத்தொழிலின் மேலாண்மையை ஏற்றது. செப்டம்பர் முதல் நாளன்று 154 இந்திய நிறுவனங்களும், 16 அயல்நாட்டு நிறுவனங்களும், 75 சேமநலச் சங்கங்களும் ஆக 245 அமைப்புகள் இணைந்து கழகம் உருவாயிற்று.

ஒவ்வோர் அமைப்பிற்கும் தனித்தனிக் கணக்குமுறையும் ஊதிய முறையும் இருந்தன. நேற்றுவரை போட்டியிட்டோர் இன்று ஒரே கூரையின்கீழ் அமர நேர்ந்தது. இவர்களைப் பிணைத்தவை மூன்று. முதலாவது, தெளிந்த குறிக்கோள். காப்பீடு சிற்றூர்கட்கும் பரவுதல், மக்கள் பணம் பாதுகாப்பாக இருத்தல், அப்பணம் நாட்டு வளர்ச்சிக்குப் பயன்படுதல் ஆகியவை அனைவர்க்கும் பொதுவாயின. இரண்டாவது, நடுவுநிலைமை. 1957இல் பிறந்த ஆணையொன்று ஊதியத்தையும் பணிநிலைகளையும் ஒருமுகப்படுத்தியது. மூன்றாவது, பொறுப்பைப் பகிர்ந்தளித்தல். தலைமையகம் பம்பாயில் இருப்பினும், 5 மண்டலங்களும் 33 கோட்டங்களும் 212 கிளைகளும் அமைக்கப்பட்டன. பாலிசித் தொகைக்கு நடுவணரசே பிணைநின்றமையால் மக்களின் ஐயமும் நீங்கிற்று.

முயற்சியின் பயன் சிறிது சிறிதாகவே விளைந்தது. 1957இல் ஏறத்தாழ 200 கோடி ரூபாயாக இருந்த புதுக் காப்பீடு, 1969-70ஆம் ஆண்டிலேதான் 1,000 கோடியைக் கடந்தது.

சென்னை அண்ணா சாலையில் உயர்ந்து நிற்கும் கழகக் கட்டடம் இவ்வொற்றுமையின் சின்னம் எனலாம். அதனைக் கட்டத் தொடங்கியது யுனைடெட் இந்தியா என்னும் பழைய நிறுவனம்; 1959இல் திறப்புவிழாக் கண்டபோது அது கழகத்தின் உடைமை. தொடங்கியோர் பெயர் வேறு. முடித்தோர் பெயர் வேறு. எனினும் பணி இடையில் நின்றுவிடவில்லை. குறிக்கோள் ஒன்றாயின், பெயர் மாறினும் பணி தொடரும்.