தாய்லாந்து மக்களின் துக்க வீடு

துக்க வீட்டில் சிரிப்பொலி கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? "இவர்களுக்கு மனவருத்தமே இல்லையா?" என்றுதானே கேட்போம்? தாய்லாந்து மக்களின் இறுதிச் சடங்கை முதன்முறை காண்பவருக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. பௌத்த விகாரை ஒன்றில் நாங்கள் கண்டவற்றைச் சொல்கிறோம், கேளுங்கள்.

உயிர் பிரிந்ததும் உற்றார் ஒவ்வொருவராக வந்து, இறந்தவரின் கையில் வாசனை நீர் ஊற்றுகிறார்கள். தாங்கள் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுவதே இதன் பொருள். பின்பு பெட்டியை விகாரை மண்டபத்தில் 3, 5 அல்லது 7 இரவுகள் வைக்கிறார்கள். மண்டபத்திற்கு அவர்கள் மொழியில் 'சாலா' என்று பெயர். நம் பாடசாலையில் உள்ள 'சாலை'தான் அது!

இரவுதோறும் நான்கு பிக்குகள் பாலி மொழியில் அபிதம்மம் ஓதுவார்கள். அப்போது அனைவரும் கைகூப்பி அமைதியாக இருப்பார்கள். ஓதி முடிந்ததும் கஞ்சி வரும். பேச்சும் சிரிப்பும் எழும். ஏன்? துக்கப்பட்டவரைத் தனியே விடக்கூடாது என்பதற்காகத்தான். வருபவர்கள் உறையில் பணமும் தருவார்கள். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செலவைத் தாங்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே?

வெள்ளிக்கிழமை தகனம் செய்வதில்லை. சுக்கிரனுக்குரிய அந்த நாளின் பெயர் 'சுக்'. சுகத்திற்கும் அவர்கள் சொல் 'சுக்' என்றே ஒலிக்கும். சுகத்தின் பெயரொலிக்கும் நாளில் துக்கம் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம்.

தகன நாளில் மகனோ பேரனோ தலை மழித்து, துவராடை உடுத்தி, அன்று மட்டும் துறவியாவதுண்டு. அந்தப் புண்ணியம் இறந்தவரைச் சேரும் என்பது நம்பிக்கை. நற்காரியத்திற்கு வலம் வருபவர்கள், பெட்டியை இடமாக மூன்று முறை சுற்றிக் கொண்டுபோகிறார்கள். தேங்காய் உடைத்து அதன் நீரால் இறந்தவரின் முகத்தைக் கழுவுகிறார்கள். இறுதியில், மரச்சீவலாலோ காகிதத்தாலோ செய்த 'சந்தனப் பூ'வை ஒவ்வொருவரும் வைத்து வணங்குகிறார்கள். மன்னர் பூமிபோல் 2016-இல் மறைந்து, 2017 அக்டோபர் 26-இல் தகனம் செய்யப்பட்டபோதும் நாடெங்கும் மக்கள் இந்தப் பூவையே வைத்தார்கள். வெளியாராகிய எங்கள் கையிலும் ஒரு பூவைக் கொடுத்தார்கள்.

நேயர்களே! நம் கெடா, பெர்லிஸ், கிளந்தான் மாநிலங்களிலும் சயாமிய மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் தயங்காமல் செல்லுங்கள். கறுப்பு அல்லது வெள்ளை ஆடை போதும். பிக்குகளை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். மொழி தெரியாவிட்டாலும், அருகில் போய் அமர்வதே பெரிய ஆறுதல்.