ஒரே ஒரு நாள்... வியன்னாவில் ரெண்டு பேர்!

ரயில்ல எதிர் சீட்டுப் பொண்ணுகிட்ட பேச்சு கொடுத்து, "வாயேன், இந்த ஊர்ல இறங்கி விடியற வரைக்கும் சுத்தலாம்"னு கூப்பிட்டா என்ன நடக்கும்? செருப்பு பறக்கும்னுதானே நினைக்கறீங்க? 1995-ல வந்த 'பிஃபோர் சன்ரைஸ்' படத்துல அந்தப் பொண்ணு நிஜமாவே இறங்கிடுது பாஸ்! ஈதன் ஹாக், ஜூலி டெல்பி ரெண்டு பேரும் கால் வலிக்க வலிக்க நடந்த ஊர், ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னா. எக்ஸ்சேஞ்ச் புரோகிராமோ, மேல்படிப்போ... ஐரோப்பா பக்கம் ஒதுங்கினா, உங்க ஆளோட ஒரு நாள் இங்க இறங்குங்க. பர்ஸ் கனமா இருக்கணும்னு அவசியமே இல்ல.

முதல்ல கையில ஒரு காலி பாட்டில். ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணி 1873-லயிருந்து குழாய் வழியா இந்த ஊருக்கு வருது. தெருக் குழாயில பிடிச்சு அப்படியே குடிக்கலாம். தண்ணிக்குக் காசு கொடுத்தீங்கன்னா உங்களை நாங்க மன்னிக்க மாட்டோம்!

காலையில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி 'டி' டிராம் பிடிச்சு பெல்வெடேர் அரண்மனைக்குப் போயிடுங்க. குஸ்தவ் கிளிம்ட் வரைஞ்ச 'முத்தம்' ஓவியம் அங்கதான் இருக்கு. மக், குடை, டி-ஷர்ட்னு பார்த்துப் பார்த்து சலிச்சுப்போன படம்தான். ஆனா நேர்ல, 180 சென்டிமீட்டர் சதுரத்துல, நிஜத் தங்க இலை மினுமினுக்க நிக்கும்போது பேச்சு வராது. முழுசா முடிக்கறதுக்கு முன்னாடியே, 1908-ல அரசாங்கம் வாங்கின படம் இது. எல்லாரும் முகத்தைப் பார்த்துட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க அந்தப் பொண்ணோட கால் விரலைப் பாருங்க. பூந்தரையோட விளிம்பைத் தாண்டி மடங்கி நிக்கும். அதுக்கு அப்பால தரையே கிடையாது! இது சந்தோஷமான படமா, பயமுறுத்தற படமான்னு ரெண்டு பேரும் வெளியில வந்து அரை மணி நேரம் சண்டை போடலாம். (19 வயசு ஆகாதவங்களுக்கு இங்க அனுமதி இலவசம். ஃபர்ஸ்ட் இயர் மக்கள் கவனிக்க!)

பசிக்குதா? ஷ்னிட்செல்தான் இந்த ஊரோட ஸ்டார். இறைச்சியை மெல்லிசாத் தட்டி, ரொட்டித் தூள்ல புரட்டிப் பொரிச்சது. வெறும் 'வீனர் ஷ்னிட்செல்'னு மெனுவில போட்டிருந்தா அது கன்னுக்குட்டிக் கறி. பன்றின்னா அதைத் தனியா சொல்லியாகணும், அங்க அதுதான் சட்டம். தட்டை விடப் பெருசா வரும். ஒண்ணு வாங்கிப் பங்கு போட்டுக்கலாம். சைவப் பார்ட்டிக்கு? 'கேஸ்ஷ்பேட்ஸ்லே'ன்னு சீஸ் போட்ட குட்டி குட்டி மாவுத் துண்டு, மேல வறுத்த வெங்காயம். பேரைச் சொல்றதுக்குள்ள ஆறிடும், விரலைக் காட்டி ஆர்டர் பண்ணிடுங்க.

ஸாக்கர் டார்ட் கேக்குக்குப் பெரிய பில்டப் கொடுப்பாங்க. 1832-ல ஃபிரான்ஸ் ஸாக்கர்ங்கற 16 வயசுப் பையன் செஞ்சதுன்னு வரலாறு. 'ஒரிஜினல்' எங்களோடதுதான்னு ஸாக்கர் ஹோட்டலும் டெமல் பேக்கரியும் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சு, 1963-லதான் சமாதானம் ஆனாங்க. கேக்குக்காக! நம்ம தீர்ப்பு: கொஞ்சம் டிரைதான். கூட வர்ற கிரீமைத் தொட்டுக்கிட்டா தப்பிக்கலாம்.

சாயங்காலம் ப்ராட்டர் பார்க். படத்துல ரெண்டு பேரும் முதல் முத்தம் கொடுத்துக்கற ராட்சச ராட்டினம் இங்கதான். 1897-ல கட்டினது. ரயில் பெட்டி மாதிரி மரக் கூண்டு, மெதுவா ஏறும், ஊரே கீழே விரியும். ஏறினதும் கூண்டுகளை எண்ணிப் பாருங்க... பதினஞ்சு. ஆரம்பத்துல முப்பது இருந்துச்சு. ராட்டினத்தோட சொந்தக்காரர் எட்வர்ட் ஸ்டெய்னர் ஒரு யூதர். 1938-ல நாஜிகள் வந்ததும் அவர்கிட்டயிருந்து அதைப் பிடுங்கிக்கிட்டாங்க. 1944-ல அவரை ஆஷ்விட்ஸ்ல கொன்னுட்டாங்க. அதே வருஷம் ராட்டினமும் எரிஞ்சுபோச்சு. போர் முடிஞ்சு 1947-ல திரும்பச் சுத்த ஆரம்பிச்சப்ப, பாதிக் கூண்டுதான் மாட்டினாங்க. மேல போய் ஜோடியா போட்டோ எடுக்கற யாரும் இதைப் பேசறதில்ல. நீங்க பேசுங்க.

சரி, அந்த செருப்பு மேட்டருக்கு வருவோம். அந்தக் கதை டைரக்டர் ரிச்சர்ட் லிங்க்லேட்டருக்கு நிஜமாவே நடந்தது. 1989-ல அமெரிக்காவோட ஃபிலடெல்ஃபியாவில ஒரு பொண்ணைச் சந்திச்சு, ராத்திரி பூரா ஊர் சுத்திப் பேசியிருக்கார். அப்புறம் தொடர்பு விட்டுப்போச்சு. என்னிக்காவது அவ இந்தப் படத்தைப் பார்ப்பா, தியேட்டர்ல வந்து நிப்பான்னு காத்திருந்தார். வரவே இல்ல. படத்தோட ஷூட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடியே அவங்க மோட்டார் சைக்கிள் விபத்துல இறந்துபோன விஷயம் அவருக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. மூணாவது பாகமான 'பிஃபோர் மிட்நைட்'டை (2013) அவங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கார். ராட்டினம் கீழே இறங்கறப்ப உங்க ஆளோட போன் நம்பர் உங்க மனப்பாடத்துல இருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க!

ராத்திரிக்கு ஓபரா ஹவுஸ்ல நின்னுக்கிட்டே பார்க்கற டிக்கெட் வாங்கலாம், விலை கம்மி. இடம் பிடிக்கக் கம்பியில ஒரு ஸ்கார்ஃப் கட்டிடணும், நம்ம பஸ்ல துண்டு போடற அதே டெக்னிக்! ஜூலை, ஆகஸ்ட்ல லீவு, ஜாக்கிரதை.

ஆனா கால் ஏற்கெனவே கெஞ்சும். எங்க ஓட்டு, டொரோதியர்காஸே சந்துல இருக்கற ஹவெல்கா காபிக் கடைக்கு. லியோபோல்ட், ஜோசஃபின்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் 1939-ல ஆரம்பிச்சது. போருக்கு அப்புறம் 1945-ல திரும்பத் திறந்தப்ப, அவர் வியன்னா காட்டுலயிருந்து விறகு கொண்டுவர, அந்த அம்மா விறகடுப்புல காபி போட்டாங்களாம். எழுத்தாளர்கள், ஓவியர்கள்னு ஊரே இங்க வந்து உட்கார்ந்துச்சு. 2005-ல ஜோசஃபின் போயிட்டாங்க. நூறு வயசு தாண்டி 2011-ல அவரும் போயிட்டார். அந்த அம்மா சுட்டுக் கொடுத்த 'புக்டெல்ன்' மட்டும் இன்னும் ராத்திரியில சூடா வருது. உள்ளே ப்ளம் ஜாம் வெச்ச பன்னு. பால் கலந்த 'மெலான்ஜ்' காபி ஒண்ணு சொன்னா, கூடவே ஒரு டம்ளர் தண்ணியும் வரும். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் "வேற என்ன வேணும்"னு யாரும் வந்து முறைக்க மாட்டாங்க.

வெள்ளி, சனின்னா மெட்ரோ ராத்திரி முழுக்க ஓடும். மத்த நாள்ல நள்ளிரவோட நின்னுடும். அப்புறம் நைட் பஸ்... இல்லேன்னா, படத்துல வர்ற மாதிரி நடைதான்!