சுயநலமும் பொதுநலமும்: வியாபாரியின் கணக்கு

வியாபாரி என்றாலே லாபம் ஒன்றே குறி என்று பொதுமக்கள் பேசுவதை நாம் அன்றாடம் கேட்கிறோம். லாபம் இல்லாமல் கடை நடத்த முடியாது. அதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த லாபம் எந்த வழியில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு உதாரணம் நமது டோல்கேட்டுக்குப் பக்கத்தில், திருவொற்றியூரிலேயே இருக்கிறது.

பலூனில் தொடங்கிய தொழில்

1946-ம் ஆண்டு திரு. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அவர்கள் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் தயாரிக்கத் தொடங்கினார். அவரது குடும்பம் நடத்திய வங்கி 1938-ல் மூடப்பட்டிருந்தது. செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக அவரே போய் விற்றார். ஊருக்கு உபகாரம் செய்ய அவர் கிளம்பவில்லை. பிழைக்க வழி தேடினார்.

1952-ல் டிரெட் ரப்பர் தயாரித்தார். தேய்ந்த டயருக்கு மேலே புதிதாக ஒட்டுகிற ரப்பர் அது. அன்று அந்தச் சந்தையில் பெரிய அந்நியக் கம்பெனிகள் இருந்தன. 1956 முடிவதற்குள் நாட்டின் டிரெட் ரப்பர் விற்பனையில் பாதி இவர் கைக்கு வந்துவிட்டது. 1961-ல் திருவொற்றியூரிலேயே டயர் உற்பத்தி தொடங்கியது. அதுதான் எம்.ஆர்.எஃப்.

இதனால் யாருக்கு லாபம்? முதலில் அவருக்குத்தான். ஆனால் அவரோடு நிற்கவில்லை. தேய்ந்த டயரை மறுபடி ஓட்டிய லாரிக்காரருக்குச் செலவு மிச்சம். பருப்பு மூட்டைக்கு லாரி வாடகையையும் சேர்த்துத்தானே நாம் விலை போடுகிறோம்? தொழிலாளிக்குச் சம்பளம் கிடைத்தது. அந்தச் சம்பளம் மளிகைச் சிட்டையாக நமது கல்லாவுக்கும் வந்தது.

எப்போது கெடுகிறது?

கசாப்புக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் தங்கள் வருமானத்துக்காகவே உழைத்தாலும் நமக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று ஆடம் ஸ்மித் என்ற அறிஞர் 1776-லேயே எழுதினார். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாங்குபவருக்கு அடுத்த கடைக்குப் போகும் வழி இருக்க வேண்டும். அந்த வழி இருப்பதால்தான் நாம் எடையையும் தரத்தையும் காப்பாற்றுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பால் வரத்து தடைபட்டது. சில இடங்களில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றது. அதுவும் சுயநலம்தான், ஆனால் அதனால் சமூகத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. அன்று ஜனங்களுக்கு வேறு கடை இல்லை. தண்ணீரில் சரக்கைக் கொண்டுவர ஆன கூடுதல் கூலியைச் சொல்லி வாங்குவது நியாயம். தவிப்பைப் பார்த்து விலை வைப்பது அப்படியல்ல.

கணக்காகவே பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கும் குடும்பம் வருடத்துக்கு 60,000 ரூபாய் வியாபாரம் தருகிறது. ஒரு பாக்கெட்டில் 50 ரூபாய் கூடுதலாக வாங்கி அந்தக் குடும்பத்தை இழப்பது எந்த ஊர் கெட்டிக்காரத்தனம்?

ஆகவே, தட்டுப்பாடு வரும் நாளில் குடும்பத்துக்கு இத்தனை என்று அளந்து, பழைய விலைக்கே கொடுப்போம். தண்ணீர் வடிந்த பிறகு அந்த வாடிக்கை நமது படிதான் ஏறும்.