மூட்டையில் வராத இடுபொருள்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. விதை, உரம், கடன் கேட்டு விவசாயிகள் மனுவோடு அங்கே போகிறார்கள். இவை மூட்டையாகவோ பணமாகவோ வந்து சேரும். மூட்டையில் வராத இடுபொருள் ஒன்றும் உண்டு. அதுதான் தொழில்நுட்ப அறிவு. ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல் பயிரிடும் இப்பகுதிக்கு அது மிகவும் அவசியம்.

திருந்திய நெல் சாகுபடி இதற்கு நல்ல உதாரணம். மடகாஸ்கர் தீவில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லௌலானி, 1980-களில் அங்குள்ள உழவர்களின் வயல்களில் உருவாக்கிய முறை இது. பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை ஆராய்ந்து, நம் நிலத்துக்கு ஏற்றவாறு சிபாரிசு செய்தது.

இதற்குப் புது ரகமோ புது உரமோ தேவையில்லை. வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை பிடிக்கும். இதற்கு 3 கிலோவும் 1 சென்ட் நாற்றங்காலும் போதும். 14 நாள் நாற்றை வேர்மண் உதிராமல் எடுத்து, குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். தண்ணீர் வற்றி, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தெரிந்த பிறகே மீண்டும் பாய்ச்ச வேண்டும். நட்ட 10-ஆம் நாள் தொடங்கி, 10 நாளுக்கு ஒரு முறையாக 4 முறை உருளும் களைக்கருவியை ஓட்ட வேண்டும்.

யூரியா இடுவதற்கும் கணக்கு உண்டு. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 இலைகளை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். 6 இலைகளாவது குறிப்பிட்ட எண்ணின் நிறத்தைவிட வெளுத்திருந்தால்தான் யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. மற்ற ரகங்களுக்கு 4.

விதையும் தண்ணீரும் குறைகின்றன. அந்த இடத்தை அறிவு நிரப்புகிறது. ஆனால் அந்த அறிவு யாரிடம் இருக்க வேண்டும்? பயிற்சிக்குப் போவது பெரும்பாலும் நிலத்துக்காரர். நாற்றை எடுத்து நடுவதோ பெண்கள். இளநாற்று வெயிலில் வாடினாலும், ஆழமாக அமுங்கினாலும் தூர் கட்டாது. நிலத்துக்காரர் கற்று வந்த பாடமும் வீணாகும்.

ஏக்கர் கணக்கில் கூலி பேசினால், பழகும் வரை நடவு மெதுவாக நடக்கும். நஷ்டம் அந்தப் பெண்களுக்கு. ஆகவே முதல் பருவத்தில் நாள் கூலி கொடுப்பதே நியாயம். பயிற்சியை வரப்பிலேயே நடத்தி, அவர்களையும் அழைக்க வேண்டும்.

விவசாய அன்பர்கள் முதலில் 10 சென்ட்டில் செய்து பார்க்கலாம். பலன் கண்ட பின் பரப்பைக் கூட்டுவது நலம்.